குமிழந்துறைக்கு வந்த பூபாலன்கள்

பூபாலன் முதல் முறை எங்கள் ஊருக்கு வந்தது ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு இருபதுக்கு. இரண்டாம் முறை வந்தது மறுநாள் வெள்ளிக்கிழமை, அதே எட்டு இருபதுக்கு, முதல் பூபாலன் பச்சியம்மாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது.

குமிழந்துறை மலைகளுக்கு நடுவே ஒரு குழிக்குள் கிடக்கிறது. கிழக்கு முகட்டிலிருந்து பதினான்கு வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கி வரும் தார்ச்சாலை எங்கள் அறுபது வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் உரசிக்கொண்டு, மேற்கே கரடியாற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டி, அக்கரை மூங்கில் காட்டுக்குள் ஏறிப் போய்விடும். சைக்கிளில் காடும் மலையும் சுற்றுகிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர் இந்த வழியாக வருவார்கள், டீ குடிப்பார்கள், ஆற்றைப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அதனால் முதல் நாள் வந்தவனை நாங்கள் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நாற்பது வயதிருக்கும். நாமக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை தொங்கும் கியர் சைக்கிள், நீல மழைக்கோட்டு, வலது காதுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு.

"அக்கா, சர்க்கரை கம்மியா ஒரு டீ. ஆத்தைத் தாண்டிப் போலாங்களா?"

"பாலத்துக்கு மேல இடுப்பளவு தண்ணி போவுது தம்பி" என்றாள் பச்சியம்மா. "இன்னிக்கு முடியாது."

அவன் டீயைக் குடித்தபடி, கேட்காமலே சொன்னான். மனைவி பெயர் கோமளா. மார்பில் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஆபரேசன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். மனசு சரியில்லாமல்தான் நாலு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினானாம். ஆற்றைத் தாண்டி, மேற்கே இறங்கி, ஒரு சுற்றாகச் சுற்றி சனிக்கிழமை சாயங்காலம் வீடு போய்விடுவானாம்.

ஊர்க்கவுண்டர் வெள்ளையன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படின்னா வந்த வழியிலயே திரும்பிருங்க தம்பி. இப்ப ஏறினா மத்தியானம் அடிவாரம். ராவுக்கு வீடு."

பூபாலன் கிழக்குச் சரிவைப் பார்த்தான். "வந்த வழியில திரும்பறது எனக்குப் பழக்கமில்லீங்க. தண்ணி வடியட்டும்" என்றான்.

அன்று அவன் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தான். மறுநாள் காலை மூடுபனி விலகும்போது மேலே வளைவில் மணிச்சத்தம் கேட்டது. அதே நீல மழைக்கோட்டும் அதே இரண்டு பைகளும் அதே தழும்பும் நனைந்தபடி இறங்கி வந்து கடை முன்னால் நின்று, "அக்கா, சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்றன. பச்சியம்மா பெஞ்சைப் பார்த்தாள், வந்தவனைப் பார்த்தாள், இன்னொரு டம்ளரைக் கழுவி எடுத்தாள். சனிக்கிழமை ஒருவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருவன். திங்கட்கிழமை ஒருவன்.

எங்கிருந்து வருகிறான் என்று பார்க்க ஜீப் ஓட்டும் தீர்த்தன் ஒரு நாள் விடியலில் முகட்டில் போய் நின்றான். முகட்டை யாரும் தாண்டவில்லை. ஆனால் மூன்றாவது வளைவுக்கும் நான்காவது வளைவுக்கும் நடுவில், காலியாக இருந்த சாலையில், பூபாலன் பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். கோயிலில் சாமி வந்து ஆடியவரிடம் கேட்டோம். "வர்றவனுக்குச் சோறு போடு" என்று மட்டும் சாமி சொன்னது. அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. அப்புறம் எங்களுக்கு இருந்ததெல்லாம் எங்கே படுக்க வைப்பது, யார் சோறு போடுவது என்ற கவலைதான்.

வீட்டுக்கு ஒருவனை வைத்துக்கொண்டோம். முதலில் கிழமையைச் சொல்லிக் கூப்பிட்டோம், வியாழன் பூபாலன், வெள்ளி பூபாலன் என்று. இரண்டாவது வியாழன் வந்ததும் அது குழம்பிப்போய், வீட்டைச் சொல்லியும் வேலையைச் சொல்லியும் கூப்பிட ஆரம்பித்தோம். ஒருவன் ஆடு மேய்த்தான், ஒருவன் சாமைக் கொல்லையில் களை பிடுங்கினான், ஒருவன் ஊரில் இருந்த அத்தனை மூக்குக்கண்ணாடிகளையும் வாங்கிக் கீறல் போகத் துடைத்து, கால் ஒடிந்தவற்றுக்குக் கம்பி கட்டிக் கொடுத்தான். ஒருவனுக்கும் கத்தரிக்காய் ஆகாது. ஒருவன் தும்மினால் ஊரின் பல மூலைகளிலும் தும்மல் கேட்கும். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரே கீறல் விழுந்த சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஐப்பசியில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

புதிதாக வருகிறவனுக்கு விஷயத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அதற்கு ஒரு முறை தானாக உண்டாயிற்று. பச்சியம்மா அவன் டீயை முழுக்கக் குடிக்கும்வரை ஒன்றும் பேசமாட்டாள். டம்ளர் கீழே வந்ததும், "தம்பி, இப்ப ஒருத்தர் வருவாரு, பாத்துட்டு பயப்படக்கூடாது" என்பாள். நேற்று வந்தவன் கடைக்குப் பின்னாலிருந்து வந்து இன்று வந்தவன் முன்னால் உட்காருவான். இன்று வந்தவன் முதலில் சிரிப்பான், அப்புறம் காதுக்குக் கீழே தழும்பைத் தொடுவான், அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுவான். அழுது முடித்து ஒவ்வொருவனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "தண்ணி எப்ப வடியும்?"

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மொட்டைப்பாறையில் ஏறினால் போனுக்கு டவர் கிடைக்கும். ஒவ்வொருவனுக்கும் அதைச் சொன்னோம். ஒவ்வொருவனும் நாளைக்கு ஏறுகிறேன் என்றான். ஆபரேசன் நாளான திங்கட்கிழமை ஐந்து பூபாலன்கள் ஆற்றங்கரையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, கலங்கிய தண்ணீரையே பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாறைக்கு யாரும் போகவில்லை. நாங்கள் அதைக் கவனித்தோம், பேசவில்லை. தண்ணீரைக் காரணம் காட்டி ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது அவனிடம் பாறையைப் பற்றி எத்தனை முறை பேசுவது?

ஒன்பதாம் நாள் பாலம் வெளியே தெரிந்தது. சேறு படிந்து, ஓரத்தில் ஒரு வேங்கை மரம் மாட்டிக்கொண்டு கிடந்தாலும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டலாம். அன்றைக்குத்தான் சண்டை வந்தது. ஒருவன்தான் போகமுடியும், போகிறவன்தான் கோமளாவுக்குப் புருஷன். நான்தான் முதலில் வந்தேன் என்றான் ஒருவன். எல்லாரும் ஒரே புதன்கிழமை விடியலில்தானே வீட்டை விட்டுக் கிளம்பினோம், எல்லாரும் கடைசியாக அவளைப் பார்த்தது அவள் தூங்கிக்கொண்டிருந்தபோதுதானே என்றான் இன்னொருவன். ஊர்க்கவுண்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். சீட்டு விழுந்தவனுக்கு மறுநாள் காலை காய்ச்சல். மறுபடி குலுக்கினார். அவனுடைய டயர் கிழிந்திருந்தது. மூன்றாவது ஆள் பாலத்தின் நடுவரைக்கும் போய், பாசி வழுக்குகிறது என்று திரும்பி வந்தான். ஊர்க்கவுண்டர் சீட்டுகளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அவர்களுக்குக் கேட்காதபடி எங்களிடம் சொன்னார்: "இனிமே யாரும் இவுங்களைப் போகச் சொல்லாதீங்க. பாவம்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தலைவலிக்குப் பற்றுப் போட்டார்கள், விறகு பிளந்தார்கள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார்கள். ஆனால் சாயங்காலம் கூட்டமாக உட்காரமாட்டார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கமாட்டான். ஒரே ஊருக்குள் முப்பது பேரும் முப்பது திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முப்பது கையில் முப்பது டம்ளரை வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கார்த்திகை பிறந்த பின் ஒரு நாள் கீழே டவுன் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தீர்த்தன் ஒரு நோட்டீஸைப் பார்த்தான். காணவில்லை என்று மேலே, பூபாலன் படம் நடுவில், போன் நம்பர் கீழே. வெகுநேரம் அதன் முன்னாலேயே நின்றுவிட்டுக் கூப்பிட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

"அவரு எங்க ஊர்லதான் இருக்காருங்க" என்றான்.

"உசுரோட இருக்காருங்களா?"

"இருக்காருங்க. ஆனா..." தீர்த்தனுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "கொஞ்சம் அதிகமா இருக்காருங்க."

முப்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோமளா தீர்த்தனின் ஜீப்பில் வந்து இறங்கினாள். மெலிந்த உடம்பு. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பதினான்கு வளைவுக்கும் வலது கையால் மட்டுமே கம்பியைப் பிடித்து வந்திருந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் முப்பத்திரண்டு பூபாலன்களும் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர் இடுப்பளவு என்றார்கள், டவர் இல்லை என்றார்கள், டயர் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், பாலத்தில் பாசி என்றார்கள். ஒரே குரல் முப்பத்திரண்டு வாயிலிருந்து வந்து மலையில் முட்டித் திரும்பியது. அவள் யாரையும் தொடவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "காலைல பேசிக்கலாம்" என்று சொல்லி, பச்சியம்மா வீட்டுக்குள் போய்ப் பாயில் படுத்தாள்.

"எவரைக் கூட்டிட்டுப் போவ தாயி?" என்று பச்சியம்மா கேட்டாள்.

"இவங்கள்ல யாரையும் இல்லக்கா. நாளைக்கு ஒருத்தர் வருவாருன்னு சொன்னீங்களே, அவரைக் கூட்டிட்டுப் போறேன்."

"ஏன் அவரு மட்டும்?"

"இவங்க எல்லாரும் என்னை ஆஸ்பத்திரியில தனியா விட்டவங்க. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தேன், ஒருத்தருமில்ல. நாளைக்கு வர்றவருக்கு இன்னும் அந்தத் திங்கக்கிழமை வரல. அவரு என்னை விடல இன்னும்."

பச்சியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எங்களுக்கும் நியாயமாகப் பட்டது. பூபாலன்களுக்குக்கூட. காலையில் அவர்கள் ஊர்க்கவுண்டரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்: கடைசி வளைவை ஒட்டிய உண்ணிச்செடிப் புதருக்குள் மறைந்து நின்று, அவள் போவதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம், சத்தம் போடமாட்டோம். போய் நின்றார்கள். நாங்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றோம். தீர்த்தன் ஜீப்பை மேலே பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தான். கோமளா சாலை நடுவில் நின்றாள்.

எட்டு இருபதுக்கு மணிச்சத்தம் கேட்டது. அவன் வளைவு திரும்பினான், அவளைப் பார்த்தான், சைக்கிள் ஆடி நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றினான், இறங்கவில்லை.

"கோமு? நீ எப்படி இங்க?"

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தாங்க வந்தேன்."

"யாரு சொன்னா உனக்கு? நான் யாருகிட்டயும் சொல்லலியே."

"என்னத்தைச் சொல்லல?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். முந்தின முப்பத்திரண்டு பேருக்கும் டீ குடிக்கவும் தண்ணீரைப் பார்க்கவும் நேரம் கிடைத்தது. இவனுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. ஹேண்டில்பார்மேல் குனிந்துகொண்டு சொன்னான்:

"நான் திரும்பி வர்றதா இல்ல கோமு. ஆத்தைத் தாண்டி அப்படியே மேற்க போயிடலாம்னுதான் கிளம்பினேன். என்னால முடியாது. எங்கம்மாவுக்கு அந்த ஆபரேசன் ரூம் வாசல்ல உட்கார்ந்திருந்தேன், டாக்டர் வெளிய வந்து மாஸ்க்கைக் கழட்டறதைப் பாத்தேன். இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால முடியாது."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு எழுதி வச்சுட்டுத்தான வந்தீங்க?"

"எழுதினேன். எழுதறப்பவே தெரியும்."

அப்புறம் புதர் அசைந்தது. முதல் நாள் வந்த பூபாலன் வெளியே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக, உடம்பெல்லாம் உண்ணிமுள் கீறியபடி, சாலைக்கு வந்தார்கள். புதிதாக வந்தவன் அவர்களைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, தழும்பைத் தொடவுமில்லை. இவ்வளவு பேர் இருப்பது தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதுபோல நின்றான்.

கோமளா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். "இத்தனை பேர் இருக்கீங்களே" என்றாள். அவள் குரல் ஏறவில்லை. "ஒருத்தராச்சும் திரும்பி வரணும்னு கிளம்பினீங்களாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒருவன் ஆமாம் என்றிருந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று பச்சியம்மா இன்றும் சொல்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"சரி" என்றாள் கோமளா. புதிதாக வந்தவனிடம், "கீழ போயி டீ குடிங்க. நனைஞ்சிருக்கீங்க" என்றாள். ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து வலது கையால் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜீப் பதினான்கு வளைவுகளிலும் தெரிந்து தெரிந்து மறைந்தது. யாரும் பின்னால் ஓடவில்லை.

டீக்கடையில் அன்றைக்கு யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்தவன் பெஞ்சில் உட்கார்ந்து பாதி டீயைக் குடித்துவிட்டு, தேதி என்ன என்று கேட்டான். பச்சியம்மா சொன்னாள். விரல் விட்டு எண்ணினான்.

"அப்ப ஆபரேசன் முடிஞ்சு நாலு வாரம் ஆச்சு."

"ஆமா தம்பி."

"டாக்டர் என்ன சொன்னாராம்?"

பச்சியம்மா முதல் நாள் வந்தவனைப் பார்த்தாள். அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். கேள்வி பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு, கடைக்குள்ளிருந்து சாலைக்கு, முப்பத்திரண்டு முகங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு ராத்திரி முழுக்க இந்த ஊரில் இருந்தாள், சோறு தின்றாள், பச்சியம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தாள், அத்தனை பேர் நடுவில் நின்று எல்லாருடைய காரணத்தையும் கேட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று புருஷனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை. டம்ளர்கள் உருண்டன. பள்ளிக்கூடச் சுவரிலிருந்து சைக்கிள்களை இழுத்தார்கள். ஒருவன் சைக்கிளை இன்னொருவன் எடுத்தான், ஒருவனும் அதைப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று பேரும் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, வந்த வழியில், கிழக்குச் சரிவில் ஏறினார்கள். ஊர் முழுக்க வெளியே வந்து பார்த்தோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூங்கிலுக்குப் பின்னால் ஒரு நீலக்கோடு, ஐந்தாவது வளைவு, அப்புறம் மேகம்.

மத்தியானம் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். செயின் அறுந்துவிட்டதாம். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், தொடை பிடித்துக்கொண்டதாம். அப்புறம் ஏழு பேர், முகட்டில் மூடுபனியில் வழி தெரியவில்லையாம். பொழுது இறங்க இறங்க வந்துகொண்டேயிருந்தார்கள், கூட்டமாகவும் தனியாகவும், சில பேர் காரணம் சொன்னார்கள், பிந்தி வந்தவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. யாரையும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு வைத்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர்க்கவுண்டர் வீடு வீடாகப் போய் எண்ணினார். முப்பத்திரண்டு. அவர் வீட்டுத் தட்டு மட்டும் கவிழ்த்தபடி இருந்தது. அங்கே இருந்தவன் இருபத்தொன்றாம் நாள் வந்தவன். அவனைப் பற்றித் தனியாகச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. மற்றவர்களைப்போலத்தான் அவனும் இருந்தான். அவனும் பாறையில் ஏறவில்லை, அவனும் தண்ணீரையே பார்த்தான், புதருக்குள்ளிருந்து வந்து சாலையில் நின்றபோது அவனும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் எட்டு இருபதுக்கு மேலேயிருந்து யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் தீர்த்தன் அரிசி மூட்டையோடு வந்தான். பெஞ்சு நிறையப் பூபாலன்கள் இருந்தார்கள். அவன் வண்டியை விட்டு இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னான்.

"வழியில நான் கேட்டேன், அந்தம்மா சொன்னாங்க. கட்டியை எடுத்துட்டாங்களாம். ஆனா ஈரல்லயும் இருக்குதாம். தை தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காராம். அதைச் சொல்லி, கூட ஒரு ஆள் இருந்தா போதும்னுதான் தேடி வந்தாங்களாம்."

தீர்த்தன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவங்களை பஸ் ஏத்திட்டு அடிவாரத்துல நின்னுட்டிருந்தேன். ரெண்டு மணி இருக்கும், உங்க ஆள் ஒருத்தர் வந்தாரு. முட்டியெல்லாம் ரத்தம், எங்கயோ விழுந்திருக்காரு. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டாரு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா கேட்டுட்டாரே. சொல்லிட்டேன்."

"என்ன செஞ்சான்?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"ரோட்டோரமா போயி வாந்தி எடுத்தாரு. மைல்கல்லு மேல உட்கார்ந்துட்டாரு, ரொம்ப நேரம். மலையைத் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. சரி, இவரும் ஏறிருவாருன்னு நெனச்சு, வண்டியில வாங்கன்னு கூப்பிட்டேன். எந்திரிச்சு சைக்கிளை எடுத்தாரு, நாமக்கல் ரோட்டுல திருப்பினாரு."

முதல் நாள் வந்த பூபாலன் தலை நிமிர்ந்தான். ஒரு மாதத்துக்கும் மேல் எங்களோடு இருந்தவன். அவன் குரலை அன்றைக்குத்தான் முதல் முறை கேட்பதுபோல இருந்தது.

"வேகமாப் போனானா?"

"இல்லீங்க" என்றான் தீர்த்தன். "மெதுவாத்தான் போனாரு. கால் நடுங்கறது எனக்கே தெரிஞ்சுது. ஆனா நிக்கல."